எறும்பின் பெயர் தாங்கிய ஆசிட்

பால்மரக் காட்டிலே உழைத்த குடும்பங்களுக்கு ஒரு நெடி நன்றாக நினைவிருக்கும். பால் வாளியோடு ஸ்டோருக்குள் நுழைந்தால் மூக்கினுள் ஊசியால் குத்தியது போல் சுரீரென்று ஏறும் நெடி அது. ஓரத்திலே பெரிய பிளாஸ்டிக் கலன் ஒன்று நிற்கும். அதன் பக்கத்தில் பிள்ளைகளை விடமாட்டார்கள். நம்மவர்கள் அதை 'ஆசிட்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். மலாய் நண்பர்கள் 'சூக்கா கெத்தா', அதாவது ரப்பர்க் காடி, என்பார்கள். கலனின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டிலோ 'பார்மிக் ஆசிட்' என்று எழுதியிருக்கும்.

இந்தப் 'பார்மிக்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் இன்று பார்க்கப் போகிறோம். ஒரு சொல்லுக்குப் பொருள் தெரிந்து நமக்கு ஆகப்போவது என்ன என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதுதான். ஆனால் இந்தச் சொல் ஸ்டோரிலே நின்றுவிடவில்லை. அது வேறு சில இடங்களிலும் வேறு வேடத்திலே இருக்கிறது. அவற்றுள் ஒன்று மனிதனின் கண்ணையும் உயிரையும் பறிக்கக்கூடிய இடம். அதற்குப் பிறகு வருவோம்.

பண்டைய ரோமாபுரி மக்களின் மொழி லத்தீன். அந்த மொழியிலே 'பார்மிகா' என்றால் எறும்பு. பார்மிக் ஆசிட் என்றால் எறும்பு அமிலம், அவ்வளவுதான். தமிழிலே வேதியியல் எழுதியவர்கள் இதற்கு எறும்பு அமிலம் என்றே பெயர் கொடுத்தார்கள். ஜெர்மானியர்களும் தங்கள் மொழியில் எறும்புப் புளிப்பு என்றே சொல்கிறார்கள். இந்தோனேசியாவில் 'அசாம் செமுட்' என்றொரு பெயர் உண்டு. செமுட் என்றால் எறும்பு என்பது நம் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். மலாய்க்காரரின் சூக்கா கெத்தா, அந்தப் பொருள் எதற்குப் பயன்படுகிறது என்று சொல்கிறது. மற்றப் பெயர்களெல்லாம் அது எங்கே கிடைத்தது என்று சொல்கின்றன.

எறும்புக்கும் ஆசிட்டுக்கும் என்ன உறவு? ரம்புத்தான் பறிக்க மரமேறியவர்களைக் கேட்டால் போதும். இலைகளை வளைத்துப் பட்டு நூல் போன்ற இழையால் ஒட்டிக் கூடு கட்டும் சிவப்பு எறும்பை நாம் முசுறு என்கிறோம். மலாயிலே அது கெரெங்கா. அதற்குக் கொடுக்கு கிடையாது. முதலில் வாயால் கவ்விக் கடிக்கும். பிறகு வயிற்றின் நுனியை முன்னால் வளைத்து, கடித்த காயத்திலே ஒரு நீரைப் பீய்ச்சும். அந்த நீரிலே இருப்பது இதே பார்மிக் அமிலம். காயம் எரிவது அதனால்தான். மரத்தின் கீழே நின்று கூட்டைக் கலைத்தால் ஒரு புளித்த நெடி வருமே, அதுவும் அதுதான்.

இங்கே ஒரு சிறு திருத்தம் சொல்லிவிட வேண்டும். எல்லா எறும்புக்கும் இந்த அமிலம் கிடையாது. முசுறு சேர்ந்த ஒரு பெரிய குடும்பத்துக்கு மட்டுமே உண்டு. நெருப்பு எறும்பு கொடுக்கால் கொட்டுகிறது. அதன் நஞ்சு வேறு வகை. தேனீ கொட்டினால் வலிப்பதும் பார்மிக் அமிலத்தால் என்று பழைய பள்ளிப் புத்தகங்கள் சிலவற்றில் எழுதியிருந்தார்கள். அது சரியன்று. தேனீயின் நஞ்சில் வலியைத் தருபவை பெரும்பாலும் புரத வகைப் பொருள்கள்.

எறும்பிலே புளிப்பு நீர் இருக்கிறது என்பது ஐரோப்பாவில் நெடுங்காலமாகவே தெரிந்த சங்கதி. நீலப் பூவை எறும்புப் புற்றிலே போட்டால் அது சிவந்துவிடும் என்பதைக் கண்டிருந்தார்கள். 1671-ஆம் ஆண்டிலே லண்டன் ராயல் சங்கத்தின் ஏட்டில் ஜான் ரே என்பவரின் கடிதம் ஒன்று வெளியாயிற்று. ரே ஒரு கொல்லரின் மகன். செடி கொடிகளையும் உயிரினங்களையும் ஆராய்ந்து பெரும் புகழ் பெற்றவர். எறும்புகளைக் காய்ச்சி வடித்தால் காடியைப் போன்ற புளிப்பு நீர் இறங்குகிறது என்ற செய்தி அந்தக் கடிதத்திலே இருந்தது. சாராயம் காய்ச்சுவது போலவே எறும்பைக் காய்ச்சியிருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் அந்தக் காலத்து ஆராய்ச்சிக்கூடத்தில் அதைவிட நல்ல வழி இல்லை. 1749-ஆம் ஆண்டில் பெர்லினில் மார்கிராப் என்ற வேதியியலார் அந்த அமிலத்தை மேலும் தூய்மையாகப் பிரித்தெடுத்தார்.

நீலப் பூ சிவப்பதைப் பிள்ளைகள் வீட்டிலேயே பார்க்கலாம். அதற்கு எறும்பும் வேண்டாம், ஆசிட்டும் வேண்டாம். வேலியோரத்திலே படரும் நீலச் சங்குப்பூ, மலாயிலே பூங்கா தெலாங், நான்கைந்து பறித்துச் சூடான நீரில் போட்டால் நீர் நீலமாகும். அதிலே எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நீலம் ஊதாவாகி, ஊதா இளஞ்சிவப்பாகும். புளிப்புப் பொருளைப் பூ தன் நிறத்தாலே காட்டிக் கொடுக்கிறது.

அந்தக் காலத்து வேதியியலார் ஒரு பொருளுக்குப் பெயர் வைத்த முறையே இப்படித்தான். எதிலிருந்து எடுத்தார்களோ அதன் பெயரையே வைத்தார்கள். காடிக்கு லத்தீனில் அசெட்டம். அதிலிருந்து வந்தது அசெட்டிக் அமிலம். வெண்ணெயின் பெயரிலிருந்து பியூட்டிரிக் அமிலம். வெண்ணெய் கெட்டுப்போனால் வீசும் நாற்றம் அதனுடையது. ஆட்டுக்கு லத்தீனில் காப்ரா. ஆட்டுக் கொழுப்பின் நாற்றத்தோடு சேர்ந்தவை காப்ரிக், காப்ரிலிக் போன்ற அமிலங்கள். 1840-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் பிரெமி என்பவர் பனை எண்ணெயிலிருந்து பிரித்ததற்குப் பால்மிட்டிக் அமிலம் என்று பெயர். பால்மரத்தை அழித்துச் செம்பனை நட்ட தோட்டங்களிலே இன்று குலை வெட்டுகிறார்களே, அந்தக் குலையின் எண்ணெயில் ஏறத்தாழப் பத்தில் நான்கு பங்கு இந்தப் பால்மிட்டிக் அமிலம்தான். ஆக, ரப்பர்த் தோட்டத்துக்கு எறும்பின் பெயர், செம்பனைத் தோட்டத்துக்குப் பனையின் பெயர்!

இந்தப் பொருள்களெல்லாம் சேர்ந்த துறைக்குக் கரிம வேதியியல் என்று பெயர். உயிருள்ளவற்றின் உடலிலேதான் இவை உண்டாகும், மனிதக் கையாலே செய்ய முடியாது என்று ஒரு காலத்தில் பெரிய அறிஞர்களே நம்பினார்கள். உயிருக்குள் ஏதோ ஒரு தனிச் சக்தி இருந்து இவற்றை ஆக்குகிறது என்பது அவர்கள் எண்ணம். அந்த எண்ணத்தை ஆட்டிவைத்தவர்களுள் ஒருவர் பிரெஞ்சு வேதியியலார் பெர்த்தலோ. 1855-ஆம் ஆண்டில் அவர் எறும்பைத் தேடிப் போகவில்லை. கரி அரைகுறையாக எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடு வாயுவையும் ஒரு கடுங்காரத்தையும் குப்பியில் அடைத்து, நெடுநேரம் சூடாக்கினார். பார்மிக் அமிலம் கிடைத்தது. எறும்பின் வயிற்றில் இருந்ததும் அவர் குப்பியில் விளைந்ததும் ஒன்றேதான். ஒரு கரி அணு, இரண்டு ஹைட்ரஜன் அணு, இரண்டு ஆக்சிஜன் அணு. நம் ஸ்டோருக்கு வரும் கலனும் தொழிற்சாலைச் சரக்குதான். அதிலே ஓர் எறும்பின் பங்குகூடக் கிடையாது. எறும்பு போய்விட்டது, பெயர் மட்டும் நின்றுவிட்டது.

சரி, ஸ்டோருக்குள் வருவோம். ரப்பர்ப் பால் என்பது வெறும் வெள்ளைத் தண்ணீரன்று. அதிலே மிக நுண்ணிய ரப்பர்த் துளிகள் கோடிக்கணக்கில் மிதக்கின்றன. ஒவ்வொரு துளியின் மேலும் புரதமும் கொழுப்பும் சேர்ந்த மெல்லிய போர்வை உண்டு. அந்தப் போர்வையிலே எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒரு துளி இன்னொரு துளியை நெருங்கவிடாமல் தள்ளுகிறது. அதனால்தான் பால் பாலாகவே இருக்கிறது. ஆசிட்டை விட்டால் அந்த மின்னூட்டம் அடங்கிப் போகிறது. தள்ளும் சக்தி போனதும் துளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகின்றன. பசும்பாலிலே எலுமிச்சை பிழிந்தால் திரிகிறதல்லவா? அதே கதைதான்.

ஆசிட் விடாவிட்டாலும் மங்கிலே கிடக்கும் பால் மறுநாளைக்குள் உறைந்துவிடும். அதை உறைய வைப்பவற்றுள் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் உண்டாக்கும் அமிலங்களும் உண்டு. கட்டிப்பால் நாறுவதற்கும் அந்தக் கிருமிகளே காரணம். இன்று பல இடங்களில் சீட்டு ரப்பர் அடிப்பதை விட்டுக் கட்டிப்பாலாகவே விற்கிறார்கள். ஆகையால் பாலை ஊற்றித் தகடு தகடாக உறைய வைக்கும் தொட்டியையும், உருளை இயந்திரத்தையும், புகைக்கூண்டையும் இளம் பிள்ளைகள் பார்த்திருக்க மாட்டார்கள்.

அமேசான் காட்டு மக்களுக்கு ஆசிட் தெரியாது. அவர்கள் கட்டையைப் பாலில் தோய்த்துப் புகையிலே காட்டிக் காட்டி உருண்டையாக்கினார்கள். அந்தப் புகையிலும் அமிலம் இருந்தது என்பது பிற்பாடு தெரிந்தது. 1898, 1899-ஆம் ஆண்டுகளில் இலங்கையிலே ஜான் பார்க்கின் என்பவர் ஆராய்ந்து, அசெட்டிக் அமிலத்தால் பாலை ஒழுங்காக உறைய வைக்கலாம் என்று காட்டினார். தோட்டங்கள் முதலில் அதையே பின்பற்றின. பிறகு பார்மிக் அமிலம் வந்தது. அது அசெட்டிக்கைவிட வலியது. குறைந்த அளவே போதும். இந்த வகை அமிலங்களில் மிகச் சிறியது அதுவே. சிறியதாக இருந்தும் அண்ணன் தம்பிகளைவிடக் கடுமையானது.

சிலர் விலை மலிவு என்று கந்தக அமிலத்தை ஊற்றுவதுண்டு. அது ரப்பருக்குள்ளே தங்கி அதன் தரத்தைக் கெடுக்கும். ரப்பர் வாரியம் பார்மிக் அமிலத்தையே பயன்படுத்தச் சொல்கிறது. தரத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் இருக்கிறது. கெட்டியான கந்தக அமிலத்தையும் கெட்டியான பார்மிக் அமிலத்தையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு வாயு பொங்கி வரும். பெர்த்தலோ எந்த வாயுவிலிருந்து இந்த அமிலத்தைச் செய்தாரோ, அதே வாயுவாக அது திரும்பிவிடுகிறது. அந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. மூடிய கொட்டகையில் ஆளைக் கொன்றுவிடும். இரண்டு கலனையும் அருகருகே வைப்பதே தவறு.

கலனில் வரும் பார்மிக் அமிலம் பெரும்பாலும் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் கெட்டியானது. பாலுக்கு விடும்போது நூற்றுக்கு 2 அல்லது 3 பங்குதான் இருக்கும்படி நீரில் கரைத்துக் கொள்கிறோம். கரைக்கும்போது முதலில் நீரை ஊற்றி, அதிலே ஆசிட்டை விட வேண்டும். மாற்றிச் செய்தால் தெறிக்கும். கையிலோ கண்ணிலோ பட்டுவிட்டால் எண்ணெய் தடவுவதும் மஞ்சள் பூசுவதும் வேண்டாம். ஓடும் குழாய் நீரிலே குறைந்தது இருபது நிமிடம் கழுவுங்கள். நனைந்த உடுப்பைக் கழற்றிவிடுங்கள். கண்ணில் பட்டிருந்தால் கழுவிய கையோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. சிறுதோட்டம் வைத்திருப்பவர்கள் ஸ்டோரிலிருந்து கொஞ்சம் ஆசிட்டைப் பழைய சர்பத் போத்தலிலோ குடிநீர்ப் போத்தலிலோ ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார்கள். பார்த்தால் பச்சைத் தண்ணீர் போலவே இருக்கும். விளையாடிக் களைத்து வரும் பிள்ளைக்கு அது ஆசிட் என்று எப்படித் தெரியும்? விழுங்கினால் தொண்டையும் இரைப்பையும் வெந்துவிடும். இரத்தமும் சிறுநீரகமும் கெடும். அப்படி நேர்ந்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்டது வரும்போது மறுபடியும் சுடும். வாயைக் கொப்பளிக்கச் செய்து, போத்தலையும் கையிலே எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

இனி, பெயரின் மற்ற வேடங்களைப் பார்ப்போம். பிரசவ வலியைத் தணிக்க 1847-ஆம் ஆண்டில் எடின்பரோ நகரத்து மருத்துவர் சிம்சன் கொடுத்த மயக்க மருந்து குளோரோபார்ம். குளோரின் என்ற பொருளும் எறும்பும் சேர்ந்த பெயர் அது. காரத்தோடு சேர்த்தால் பார்மிக் அமிலம் தருவதைக் கண்டு 1834-இல் தூமா என்ற பிரெஞ்சு அறிஞர் அப்படிப் பெயரிட்டார். கல்லீரலையும் இதயத்தையும் கெடுக்கும் என்பதால் அந்த மருந்தைப் பிற்காலத்தில் கைவிட்டுவிட்டார்கள். பள்ளிக்கூட ஆய்வறையிலே பாம்பையும் தவளையையும் கெடாமல் வைத்திருக்கும் பார்மலின் நீரிலும் எறும்பு இருக்கிறது. அதிலே கரைந்திருக்கும் பொருள் பார்மால்டிஹைடு. பலகைகளை ஒட்டும் பசைகளிலும் அது உண்டு. பால் வற்றிய ரப்பர் மரத்தை அறுத்துத் தூளாக்கி, பலகையாக அழுத்தி, மேசை நாற்காலி செய்கிறார்களே, அந்தத் தூளை இணைப்பதும் பெரும்பாலும் அந்தப் பசைதான்.

பார்மால்டிஹைடு எதிலிருந்து வருகிறது? மெதனால் என்ற ஒரு சாராயத்திலிருந்து. மரத்தைக் காற்றில்லாமல் சுட்டு வடித்தால் கிடைத்ததால் அதற்கு மரச் சாராயம் என்றும் பெயர். மெத்தில் என்ற சொல்லின் மூலச் சொல்லைத் தூமாவும் பெலிகோ என்ற நண்பரும் கிரேக்க மொழியிலிருந்து கட்டினார்கள். மெத்தி என்றால் மது. ஹைலே என்றால் மரம். மரத்து மது என்று பொருள். பெயரிலே மது இருக்கிறதே தவிர, அது குடிக்கும் மதுவன்று. பெயிண்டைக் கரைக்கவும் தொழிற்சாலைகளிலும் பயன்படும் கொடிய நஞ்சு அது.

நேயர்களே, தொடக்கத்தில் பிறகு வருவோம் என்று சொன்ன இடம் இதுதான். கள்ளத்தனமாகக் காய்ச்சும் சம்சுவிலும் போலிப் போத்தல்களிலும், மலிவு என்பதற்காகவோ அறியாமையாலோ மெதனாலைக் கலந்துவிடுகிறார்கள். மூக்குக்கும் நாக்குக்கும் வித்தியாசம் தெரியாது. தீக்குச்சி கிழித்துப் பார்த்தால் தெரியும் என்று சொல்வதையும் நம்ப வேண்டாம். வயிற்றுக்குள் போன மெதனாலைக் கல்லீரல் முதலில் பார்மால்டிஹைடாக மாற்றுகிறது. அடுத்து அதைப் பார்மிக் அமிலமாக மாற்றுகிறது. ஆம், ஸ்டோரிலே கலனில் நின்ற அதே ஆசிட் இப்போது மனிதனின் இரத்தத்திலே ஊறுகிறது. வெளியிலிருந்து யாரும் ஊற்றவில்லை. அவன் உடலே காய்ச்சுகிறது.

இந்தக் காய்ச்சல் மெதுவாக நடப்பதுதான் ஆபத்து. குடித்தவன் இரவு தூங்கி எழுந்து, தலைவலி, போதை தெளியவில்லை என்று படுத்திருப்பான். பன்னிரண்டு மணி நேரம், சில சமயம் ஒரு நாள் கழித்துத்தான் வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு எல்லாம் தொடங்கும். கண்ணெதிரே பனிமூட்டம் போல் வெள்ளையாகத் தெரிகிறது என்பான். பார்மிக் அமிலம் உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்தவிடாமல் அடைக்கிறது; கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு முதலில் அடிபடுகிறது. 10 மில்லிலிட்டர், அதாவது இரண்டு தேக்கரண்டி மெதனால், ஒருவரை நிரந்தரமாகக் குருடாக்கப் போதும் என்று மருத்துவ நூல்கள் எச்சரிக்கின்றன. ஆல்கஹால் என்ற சொல் கண்ணுக்கு இடும் மையைக் குறித்த அரபுச் சொல்லிலிருந்து பிறந்தது என்பதை நினைத்தால் மனம் கசக்கிறது.

2018-ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் இப்படிக் கலப்பட மது குடித்து முப்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அவர்களில் பலர் பிழைப்புத் தேடி வந்த அயல்நாட்டுத் தொழிலாளர்கள். பலர் ஆஸ்பத்திரிக்கு வந்தபோதே நேரம் கடந்துவிட்டிருந்தது.

நேரத்தோடு வந்தால் செய்ய வழி உண்டு. மெதனாலைப் பார்மிக் அமிலமாக மாற்றும் கல்லீரலின் வேலையைத் தடுக்க ஆஸ்பத்திரியிலே மருந்து கொடுப்பார்கள். இரத்தத்தில் ஏறிய புளிப்பை மாற்று மருந்தால் தணிப்பார்கள். சிறுநீரக நோயாளிகளுக்குச் செய்வது போல் இயந்திரத்தாலே இரத்தத்தைச் சுத்தம் செய்து, மெதனாலையும் பார்மிக் அமிலத்தையும் வெளியேற்றுவார்கள். வீட்டிலே மோரும் இளநீரும் கொடுத்து உட்கார்ந்திருப்பதாலே அமிலம் குறையாது. குடித்தவர் கண் மங்குகிறது என்று ஒரு வார்த்தை சொன்னால், அதைப் போதையின் பேச்சாக எண்ணாமல் அந்த நிமிடமே வண்டி பிடியுங்கள். கூடக் குடித்தவர்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னாலும் அவர்களையும் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர்கள் கல்லீரல் இன்னும் காய்ச்சி முடிக்காமல் இருக்கலாம். எந்தப் போத்தலிலிருந்து குடித்தார்களோ அதையும் எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.